பிள்ளைக்கென்று வாங்கிய கோச்சி

போன கிழமை, நான் வேலை செய்த கடையிலிருந்து மெற்றில்டா என்றொரு பெண் என்னைத் தேடி வந்தாள். இறக்குமதிக் கதவு திறந்த பிறகு கடைக்கு விளையாட்டுக் கோச்சிகள் மறுபடி வந்திருக்கின்றனவாம். எங்கள் பக்கத்தில் ரயிலுக்குக் கோச்சி என்றுதான் பெயர். ஜப்பானில் செய்தவை, பற்றரி போட்டால் ஓடுபவை, ஒன்றிரண்டு புகைகூட விடுமாம். அவற்றுக்குப் பொறுப்பாக அவளை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றும் விலைப்படவில்லை.

"என்னக்கா செய்யிற? நல்ல உடுப்புப் போட்ட ஆக்கள்தான் வாறாங்க. குனிஞ்சு குனிஞ்சு பாக்கிறாங்க. சில்லத் தொட்டுப் பாக்கிறாங்க. நானும் மரியாதையா, 'பிள்ளைக்கு எத்தின வயசு சேர்?' எண்டு கேக்கிறன். உடனே மணிக்கூட்டப் பாத்திட்டுப் போயிர்றாங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகம் வாடிப்போனது. அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் எனக்கு நேரில் பேச வராது. தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்பினேன். எழுதினால் ஓரளவு வரும். அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு வரை. சோதனை எழுதினேன், தேறவில்லை. அம்மா என்னை நகரத்துப் பெரிய கடையொன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதலாளி காத்தான்குடிக்காரர். மக்காவுக்குப் போய் வந்தவர் என்பதால் எல்லோரும் ஹாஜியார் என்றே அழைப்போம். கீழ்மாடியில் சாரி, சீத்தைத் துணி, சாரம். மேல்மாடியில் கண்ணாடிச் சாமான், மேசை விளக்கு, விளையாட்டுப் பொருட்கள். என்னைக் கீழே சாரி மேசையில் விட்டார்கள்.

சாரி விற்பதற்கு வாய் வேண்டும். ஒரு பெண் பச்சைச் சாரியைத் தோளில் போட்டுக்கொண்டு "எனக்கு வடிவா இருக்கா?" என்று கேட்டால், கேள்வி முடியுமுன் "கலியாணப் பொம்பிள மாதிரி இருக்கீங்க" என்று சொல்லியாக வேண்டும். எனக்கு அந்த வேகம் வராது. முதலில் அவளைப் பார்ப்பேன். பிறகு சாரியைப் பார்ப்பேன். பிறகு நிலத்தைப் பார்ப்பேன். நான் நிலத்துக்கு வருமுன் அவள் சாரியைக் கழற்றி வைத்துவிடுவாள்.

ஹாஜியார் கொஞ்சக் காலம் பொறுத்துப் பார்த்தார். "புள்ள ஞானம், நீ வாயத் தொறக்காட்டியும் பரவாயில்ல. மூஞ்சியாவது ஒரு பொய் சொல்ல வேணாமா? உன்ட மூஞ்சி கிடந்து உண்மையச் சொல்லுதே" என்று சொல்லி என்னை மேல்மாடிக்கு ஏற்றிவிட்டார். அங்கே இங்கிலாந்திலிருந்து கொழும்பு வழியாக வந்த ஒரு கோச்சிப் பெட்டி, எப்படிப் பொருத்திப் பூட்டுவது என்று எவருக்கும் தெரியாமல் கிடந்தது. றேடியோ திருத்துகிற ஒருவர் வந்து பூட்டிக் காட்டினார். என் பயிற்சி அவ்வளவுதான்.

கோச்சி மேசையில் எனக்குப் பேச்சே தேவைப்படவில்லை. வருகிறவர் குனிவார். நான் குமிழைத் திருகுவேன். எஞ்சின் ஓடும். மிச்சப் பேச்சை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். கடவுள் என்னைப் போன்றவர்களை நினைத்துத்தான் இந்த மேசையைப் படைத்தார் என்று நம்பினேன். இதைவிட்டு மறுபடி கீழே போவதில்லை என்று அன்றே மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன். என் வேலைக்காலம் முழுக்க எனக்கிருந்த ஒரே ஆசை அதுதான். பதவி உயர்வை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஏற்கெனவே மேல்மாடியில் இருந்தேன்.

வேலை கஷ்டமில்லை, ஆனால் ஒழுங்கு முக்கியம். காலையில் கடை திறந்ததும் தண்டவாளத்தைத் துடைக்க வேண்டும். பழைய வேட்டித் துணியில் ஸ்பிரிட் தொட்டு, ஒரே பக்கமாக இழுத்துத் துடைக்க வேண்டும். கரண்ட் தண்டவாளத்தில் வந்து, சக்கரச் சில்லு வழியாகத்தான் எஞ்சினுக்குள் ஏறும். இடையில் தலைமயிர் அளவு அழுக்கு இருந்தாலும் எஞ்சின் நின்றுவிடும். எங்கள் வாவிக் காற்று உப்புக் காற்று. ஒரு நாள் விட்டால் தண்டவாளம் மங்கிவிடும், ஒரு மாரி விட்டால் துருவேறிவிடும். அடுத்தது எண்ணெய். தையல் ஊசியின் நுனியில் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான். அதன்பின் எஞ்சினைப் பெட்டி பூட்டாமல் தனியே முன்னுக்கு ஒரு சுற்று, பின்னுக்கு ஒரு சுற்று விட வேண்டும். கடைசியில்தான் பெட்டிகள். எஞ்சினைத் தூக்கும்போது இடுப்பில் பிடிக்க வேண்டும், புகைபோக்கியில் பிடிக்கக் கூடாது. வாங்க வந்த பெரிய மனிதர் அத்தனை பேரும் புகைபோக்கியில்தான் பிடித்தார்கள். பொழுதுபட்டு ஊரெல்லாம் விளக்குப் போட்டால் கரண்ட் தளரும். அப்போது எங்கள் கோச்சியும் நிசக் கோச்சி மாதிரியே பிந்தி வரும்.

துடைப்பது நான். விற்பது ஹாஜியார். யாராவது குனிந்து பார்க்கும் செய்தி போனதும் படியேறி வருவார். வாயில் ஒரு ஏலக்காய். கைகள் முதுகுக்குப் பின்னால். தூணருகே நிற்பாரே தவிர மேசைக்குக் கிட்ட வரமாட்டார். விலையைக் கேட்டால், "அது கிடக்கட்டும் சேர், ஓடுறதப் பாருங்க" என்பார். வந்தவர் கொஞ்ச நேரம் ஓடுவதைப் பார்ப்பார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளைக்கு ஒண்டு எடுத்தா நல்லம் போல" என்பார். அந்தச் சொல் வந்ததும் ஹாஜியார் ஏலக்காயைக் கடிப்பார். விற்பனை முடிந்தது என்பதற்கு அடையாளம் அது.

"பிள்ளைக்கு எத்தின வயசெண்டு மட்டும் கேட்டிராத புள்ள" என்பது எனக்கு அவர் இட்ட ஒரே கட்டளை. காரணம் கேட்டுக்கொள்ளாமலே எனக்கு விளங்கிவிட்டது. ஒரு நிலஅளவையாளர் பெரிய செட் ஒன்று வாங்கினார். அவருடைய மனைவி அப்போதுதான் முதல் பிள்ளைக்கு மசக்கையாக இருந்தார். கலியாணமாகாத ஒரு வீதி வேலை ஓவசியர் தன் அக்காவின் மகனுக்கென்று இரண்டு எஞ்சின் வாங்கிப்போனார். அவருடைய அக்கா கன்னியாஸ்திரி. எங்கள் கோவிலுக்குப் பக்கத்து மடத்தில்தான் இருந்தார். நான் அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டே நிலத்தைப் பார்த்தேன். ஹாஜியார், "மருமகன் நல்லாப் படிக்கட்டும் சேர்" என்று வாழ்த்தி அனுப்பினார்.

வாங்கினவர்கள் கூடிக் கூடி ஒரு சங்கமே உருவாகிவிட்டது. சிறு புகையிரத அன்பர் சங்கம் என்று பெயர். கூட்டம் எங்கள் மேல்மாடியில், என் மேசையைச் சுற்றி. யாப்பு, அதாவது சங்க விதிகள், எழுதவே ஒரு மாரியும் ஒரு கோடையும் போயின. தலைவர் விசில் ஊதலாமா, அல்லது கொடி மட்டும்தான் காட்டலாமா என்பதில் கருத்து வேறுபாடு. தண்டவாளம் துடைப்பதன் அவசியம் பற்றி ஒரு முழுப் பின்னேரம் விரிவுரை நடந்தது. அவர்கள் பேசி முடித்து, தேத்தண்ணி குடித்து எழும்பும்போது கோச்சிக்குக் கரண்ட் தளர்ந்திருக்கும்.

சங்கத்துக்கு இரண்டு தூண்கள். ஒருவர் நீர்ப்பாசன எஞ்சினியர், யாழ்ப்பாணத்தவர். தன் அரசாங்கக் குவாட்டஸில் ஒரு அறை முழுக்கக் கோச்சி விட்டு, நடுவில் ஒரு குளக்கட்டும் கட்டியிருந்தார். அது நிசக் குளக்கட்டுகளைவிட உறுதியானது என்று பிறக்கிராசியார் சொல்லுவார். மற்றவர் இந்தப் பிறக்கிராசியார்தான், எங்கள் பக்கத்தில் வக்கீலுக்கு அப்படிப் பெயர். களுவாஞ்சிக்குடியில் பிறந்து, நகரத்தில் வழக்குப் பேசிப் பெயரெடுத்தவர். அவருடைய கோச்சி சாப்பாட்டு மேசைக்குக் கீழால் புகுந்து குசினி வாசலைக் கடந்து வரும். விருந்தாளிகள் கோச்சி வரும்போது காலைத் தூக்க வேண்டும். அவருடைய மனைவி கறிச்சட்டியோடு வாசலில் நின்று, கடைசிப் பெட்டியும் போன பிறகுதான் உள்ளே வரலாம். இரண்டு தூண்களுக்கும் ஒருவரையொருவர் கண்ணில் காட்டக் கூடாது. ஒருவர் என்ன எஞ்சின் வாங்கினாலும் மற்றவர் அதைவிட நீளமானது கேட்டு வருவார்.

பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. கொழும்பிலிருந்து கடைசியாக ஒரே ஒரு எஞ்சின் அனுப்பினார்கள். புது மொடல், பச்சை நிறம், கடுகதிக் கோச்சி இழுப்பது, நெற்றியில் வெளிச்சம் எரியும். இனி வராது என்றும் சொல்லியனுப்பினார்கள். எல்லோருக்கும் அதன்மேல் கண். ஆனால் விலையும் கடுகதியாகத்தான் இருந்தது. அதனால் அன்பர்கள் ஒவ்வொருவராக வந்து, குனிந்து பார்த்து, "அவ்வளவு திறமில்ல" என்று மற்றவருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோரும் விலை இறங்கும் வரை காத்திருந்தார்கள்.

ஹாஜியார் ஒருநாள் தூணை விட்டு மேசைக்கே வந்தார்.

"புள்ள, இந்தப் பச்ச எஞ்சின் நோன்புக்கு முன்னம், சொன்ன விலைக்குப் போகணும். போகல்லெண்டா மேசையக் கழட்டிப் போட்டு இஞ்சயும் சாரி அடுக்கப் போறன். நீயும் சாரிக்கு வந்திரு."

நான் துடைத்த தண்டவாளத்தையே மறுபடி துடைக்கத் தொடங்கினேன். அவர் பார்த்துவிட்டார்.

"போயிட்டுதெண்டா, நான் உசிரோட இருக்கிற வரைக்கும் மேசை உனக்குத்தான். இது என்ட வாய்ச்சொல்லு."

விற்பனைக்காக ஹாஜியார் செய்த ஏற்பாடு, எஞ்சினுக்கு ஒரு வெள்ளோட்ட விழா. சங்கத்தார் மகிழ்ந்துபோனார்கள். பிரதம விருந்தினராக ஒரு பெரிய துரையை அழைத்தார்கள். எந்த அரச கந்தோரின் துரை என்று சொல்ல மாட்டேன், பிள்ளைகள் இருப்பார்கள். அன்பர்களில் ஒருவர் அவரிடம் இடமாற்றத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். எஞ்சினியருடைய கணக்குகள் அவருடைய கையொப்பத்துக்குப் போயிருந்தன. பிறக்கிராசியாரின் கட்சிக்காரர்களின் காணிப் பிணக்குகள் அவருடைய மேசையில் கிடந்தன.

புதிய வாகனம் ஓடுமுன் சில்லுக்கடியில் தேசிக்காய் நசிக்க வேண்டும் என்றார் எஞ்சினியர். அது அவருடைய ஜீப்புக்கும் செய்ததாம். தேசிக்காயைத் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தால், அது எஞ்சினின் புகைபோக்கிக்கு மேலே நின்றது.

"உது மலை மாதிரி நிக்குது. சின்னனாப் பாத்து எடுப்பிச்சிருக்கலாமே, காணும்" என்றார் எஞ்சினியர்.

"இது சின்னந்தான். எஞ்சினத்தான் பெரிசா எடுப்பிச்சிருக்கணும்" என்றார் பிறக்கிராசியார்.

கடைசியில் தேசிக்காயை வெட்டி, ஒரு விதையை எடுத்துச் சில்லுக்கு முன்னால் வைத்தார்கள். சாறு தண்டவாளத்தில் ஒழுகியது. நான் துணியோடு கிட்டப் போனேன். "நிக்கட்டும் மிஸ், அது மங்களம்" என்று தடுத்துவிட்டார்கள். துரை பொட்டு வைக்கச் சந்தனக் கிண்ணமும் வந்தது. ஹாஜியார் இதற்கெல்லாம் மறுப்புச் சொல்லவில்லை. "கோச்சி போனாச் சரி. சந்தனம் எங்களுக்கும் வாசம்தான்" என்றார்.

துரை வந்தார். நல்ல மனிதர், பருத்த உடம்பு. மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். சந்தனக் கிண்ணத்தை நீட்டியதும், "எஞ்சினுக்கு நெற்றி எது?" என்று கேட்டார். கொதிகலனின் முன்பக்கம் என்றார் எஞ்சினியர். மேற்பக்கம் என்றார் பிறக்கிராசியார். துரை இருவருக்கும் பொதுவாக மூன்று விரலைத் தோய்த்து, மேலே தொடங்கிக் கீழ்வரை இழுத்தார். அவருடைய விரல் ஒவ்வொன்றும் எஞ்சினின் அரைவாசி. கொதிகலனில் தொடங்கிய கோடு சில்லுகளில் வழிந்து தண்டவாளத்தில் முடிந்தது. "இந்தப் பக்கமும் சேர்" என்றார் ஒருவர். துரை அந்தப் பக்கமும் இழுத்தார்.

பிறகு பச்சைக் கைலேஞ்சியை ஆட்டினார். நான் குமிழைத் திருகினேன். எஞ்சின் அசையவில்லை. முழுக்கத் திருகினேன். கரண்ட் தருகிற ரான்ஸ்போமர் மட்டும் குளவி மாதிரி இரைந்தது.

அங்கே நின்றவர்களில் காரணம் தெரியாதவர் எவருமில்லை. துடைப்பது பற்றி விரிவுரையே நடத்திய சங்கம் அது. ஆனால் துரை வைத்த சந்தனத்தைத் துரையின் கண் முன்னால் துடைப்பது யார்? விண்ணப்பம் போட்டவர் கூரையைப் பார்த்தார். நான் என் வழக்கமான நிலத்தைப் பார்த்தேன்.

துரை கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "போகுதா?" என்று கேட்டார்.

"போகுது சேர்" என்றார் பிறக்கிராசியார்.

எஞ்சினியர் பின்தங்க விரும்பவில்லை. "இப்ப வளைவில திரும்புது" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். "சத்தமே கேக்கல்லயே" என்றார் துரை. "புது மொடல் சேர், சத்தம் போடாது" என்று ஒரு குரல் வந்தது. துரைக்கு அது பிடித்துவிட்டது. சத்தமில்லாமல், அலுங்காமல், குலுங்காமல் முன்னேறும் இந்த எஞ்சினைப் போலவே எங்கள் பிரதேசமும் முன்னேற வேண்டும் என்று பேசினார். மறுபடியும் கைதட்டினார்கள். எஞ்சின் நின்ற இடத்தில் நின்றது.

போகும்போது துரை மேசையைச் சுற்றி என் பக்கமாக வந்தார். மெதுவாகக் குனிந்து, "மிஸ், சந்தனம் கொஞ்சம் கூடிப் போச்சோ?" என்று கேட்டார்.

என் மூஞ்சி சொல்லியிருக்கும்.

"பரவாயில்ல. நானும் ஒண்டும் காணல்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் தண்டவாளத்தைத் துடைத்தேன். தேசிக்காய்ச் சாறும் சந்தனமும் போயின. எஞ்சினில் கைவைக்கப் போகையில் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பிறக்கிராசியார், வழக்குக்குப் போகிற கறுப்புக் கோட்டோடு.

"பாவம் மிஸ், அது எரிஞ்சு போன எஞ்சின். நேத்தே எனக்கு விளங்கிட்டு. பிள்ளைக்குச் சும்மா உருட்டி விளையாட ஆகும். ஹாஜியார்க்கிட்டச் சொல்லி ஒரு குறைச்ச விலைக்கு…"

அவர் வசனத்தை முடிக்குமுன் எஞ்சினியர் ஏறி வந்துவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஓ, நீரும் வந்திட்டீரே. நானும் உந்தச் செத்த எஞ்சினைப் பாத்திட்டுப் போவம் எண்டுதான் வந்தனான். மகனுக்குக் கழட்டிப் பழகக் குடுக்கலாம்" என்றார் எஞ்சினியர்.

செத்த விலைக்குப் போனால் அது போனதாகாது. சொன்ன விலைக்குப் போக வேண்டும் என்பதுதான் ஹாஜியாரின் பேச்சு. என் மேசை போய்விடும். ஒரு தரம் துணியால் இழுத்தால் எஞ்சின் ஓடும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். நான் துணியை எடுத்தேன்.

"துடைக்காதீங்க மிஸ்!" என்றார் பிறக்கிராசியார். "துரை தன்ட கையால வச்சது."

"உது தெய்வ காரியம், பிள்ளை. தொடக் கூடாது" என்றார் எஞ்சினியர். இருவரும் ஒரு விடயத்தில் ஒத்துப்போனதை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

துணியோடு என் கை அந்தரத்தில் நின்றது. துடைக்காமல் இறக்கினால் மேசை போகும். வைத்துத் துடைத்தால், வளைவில் திரும்பியதாகச் சொன்ன வாய்கள் எங்கே போகும்? இரண்டு பேரும் அதன்பிறகு இந்தப் படியேற மாட்டார்கள். அப்படியே நின்றேன். ஹாஜியார் ஏறி வந்து தூணருகே நின்றார்.

"என்ன புள்ள, கை மேல நிக்குது?"

"துடைக்க வேணாமாம்" என்றேன். அன்று முழுக்க நான் பேசியது அவ்வளவுதான்.

ஹாஜியார் எஞ்சினைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார், ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"சரியான பேச்சு. தொடவே கூடாது. எஞ்சின் வேற கடையிலயும் கிடக்கலாம் சேர். துரைட கைச் சந்தனம் எங்க கிடக்கும்? நேத்து சொன்ன விலை வெறும் எஞ்சினுக்கு. இண்டைக்கு சந்தனத்துக்கும் சேத்துத்தான்."

"என்ன ஹாஜியார், ஓடாத எஞ்சினுக்கோ?" என்று எஞ்சினியர் குரலை உயர்த்தினார்.

"ஓடாதா?" ஹாஜியார் உண்மையாகவே ஆச்சரியப்பட்டவர் போல் இருந்தார். "வளைவில திரும்பினத நீங்கதானே சேர் கண்டீங்க. கோட்டுக்குப் போற ஆள், பிறக்கிராசியார் சேர், அவரும் சாட்சி."

இருவரும் எஞ்சினைப் பார்த்தார்கள். பிறகு பிறக்கிராசியார் தொண்டையைச் செருமினார். எஞ்சினியரும் செருமினார். விலை ஏறத் தொடங்கியது. இருவரும் மற்றவர் சொன்னதற்கு மேலே சொன்னார்கள். ஹாஜியார் தூணருகிலிருந்து அசையவில்லை. எஞ்சினியருக்கு மாதச் சம்பளம். பிறக்கிராசியாருக்கு ஊரில் வழக்குகள் குறைவில்லை. ஏலக்காய் கடிபடும் சத்தம் கேட்டது. சந்தனம் உதிராமல் சுற்றிலும் பஞ்சு வைத்து நான் பெட்டியைக் கட்டிக் கொடுத்தேன்.

அந்த எஞ்சின் பிறகு ஓடவே இல்லை. துரை கையால் சந்தனம் வைத்த எஞ்சின் என்று பிறக்கிராசியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். முன் மண்டபத்தில் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தார். கட்சிக்காரர்கள் அதற்குக் கீழே உட்கார்ந்து, துரைக்கும் இவருக்கும் உள்ள நெருக்கத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். சந்தனக் கோடு காய்ந்து கொதிகலனிலிருந்து சில்லுவரை ஒரே பூச்சாக ஒட்டிக்கொண்டது. சில்லைத் துடைத்தால் கோடு உடையும். கோடு உடைந்தால் கொடுத்த காசு வீண். சங்கக் கூட்டங்களில் எஞ்சினியர், "எங்க, ஒருக்கா ஓட்டிக் காட்டும் பாப்பம்" என்று கேட்பார். பிறக்கிராசியார் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தினார். எஞ்சினியருக்கு மாற்றம் வந்தது. சங்கம் யாப்போடு முடிந்தது.

ஹாஜியார் வாய்ச்சொல்லைக் காப்பாற்றினார். விற்க ஒரு எஞ்சின்கூட இல்லாமல், மாதிரிக்கு வைத்திருந்த பழைய சாவிக் கோச்சி ஒன்றோடு, நான் பல வருடம் அந்த மேசையில் இருந்தேன். உத்தியோகத்தர்கள் படியேறி வந்து, "வந்திட்டுதா?" என்று கண்ணால் கேட்பார்கள். நான் தலையால் இல்லை என்பேன். அவர்கள் வெறுங்கையோடு போக வெட்கப்பட்டுக் கீழே இரண்டு கைலேஞ்சி வாங்கிக்கொண்டு போவார்கள். "என்ட கடையில ஆகக் கூட விக்கிற மேசை உன்ட மேசைதான் புள்ள" என்பார் ஹாஜியார். என் வாழ்க்கையில் நான் மிகச் சிறப்பாகச் செய்த வேலை அந்தத் தலையாட்டல்தான்.

ஹாஜியார் மௌத்தான பிறகு மருமகன் பொறுப்பெடுத்தார். நல்லவர்தான். மேல்மாடிக்கும் சாரி வருகிறது, என்னை அதற்குப் பொறுப்பாக வைக்கப்போகிறார் என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். நான் நிலத்தைப் பார்த்தேன். வீட்டுக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

என் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம், பிறக்கிராசியாரின் மனைவி படியேறி வந்தார். கையில் பழஞ்சீலையில் சுற்றிய பொதி. நான் அதற்குமுன் அவரோடு பேசியதில்லை.

"தங்கச்சி, அவர் சாப்பிட்டுப் படுத்திட்டார். எழும்ப முன்னம் நான் போகணும்கா." பொதியை அவிழ்த்தார். பச்சை எஞ்சின். சந்தனம் மண்ணிறமாகிப் போயிருந்தது. "உண்மையச் சொல்லு. இது ஓடாத எஞ்சினா?"

"ஓடும்" என்றேன்.

அவர் முக்காலியில் இருந்துவிட்டார். "இவ்வளவு காலமும் நான் இதச் சுத்தித் தூசு தட்டிறன். அதுல படாம, இதுல படாம எண்டு. துரைட சந்தனமாம். அந்த மனிசன் அடுத்த மாசமே மாறிப் போயிற்றார். ஒருநாள் எங்கட வீட்டுப் பக்கம் எட்டிப் பாத்தாரா?"

"சில்லத் துடைச்சா…"

"துடை."

நான் தயங்கினேன். அவர் கைப்பையிலிருந்து வாழையிலைத் துண்டொன்றை எடுத்து விரித்தார். புதுச் சந்தனம். "வர முன்னமே அரைச்சுக் கொண்டு வந்தன். அவருக்கு இப்ப கண்ணும் வடிவாத் தெரியாது. நீ துடைகா."

ஸ்பிரிட் தொட்டதும் பூச்சு மீன்செதில் மாதிரிக் கழன்று விழுந்தது. ஊசி நுனியில் எண்ணெய் வைத்தேன். தண்டவாளத்தில் ஏற்றிக் குமிழைத் திருகினேன். நெற்றி வெளிச்சம் எரிந்தது. எஞ்சின் ஒருமுறை உதறிக்கொண்டு புறப்பட்டது. வளைவில் திரும்பியது.

"கறிச்சட்டியோட எத்தின நாள் நிண்டிருப்பன்" என்றார் அவர், கண்ணை எடுக்காமல். "ஒரு நாளாவது, நீயும் ஒருக்காத் திருகிப் பாரன் எண்டு அவர் கேட்டதில்ல."

நான் ரான்ஸ்போமரை அவர் பக்கம் தள்ளினேன். அவர் முதலில் மெதுவாகத் திருகினார். பிறகு வேகமாக. பிறகு சட்டென்று நிறுத்தி, "நில்லு. கறிச்சட்டி போகட்டும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஓம், இப்பப் போ" என்று மறுபடி திருகினார். கடையில் வேறு எவரும் இல்லை. நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

கடைசியில் எஞ்சினை எடுத்தார். இடுப்பில்தான் பிடித்தார். சின்னவிரலால் சந்தனத்தைத் தொட்டு, சில்லில் படாமல், கொதிகலனின் முன்பக்கத்தில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தார்.

"இந்தத் தண்டவாளத்தையும் கரண்ட் பெட்டியையும் எனக்குக் கட்டித் தா. அவர்ட தண்டவாளமெல்லாம் துருவேறிக் குப்பைக்குப் போயிட்டு. மத்தியானத்தில குசினிக்குள்ள விரிக்கலாம்."

நான் என் மேசையைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கட்டினேன். கோச்சி மேசையின் கடைசி விற்பனை அது. படியில் கால் வைத்தவர் நின்று திரும்பினார். கழுத்துவரை சிவந்திருந்தார். தொண்டையைச் செருமினார்.

"பிள்ளைக்குத்தான்" என்றார்.

அவர்களுக்கு ஒரே ஒரு மகள். கலியாணமாகி, கொழும்பில் டொக்டராக இருந்தாள். நான் வயதைக் கேட்கவில்லை.